'நேவ்': எஜமானர் அகராதியில் ஒரு சொல்

இங்கிலீஷ் சட்டம் படித்தவர்களுக்கு 'நேவ்' என்ற சொல் புதிதன்று. அயோக்கியன், புரட்டன், நாணயங் கெட்டவன் என்று அகராதிக்காரர்கள் அதற்குப் பொருள் கூறுவார்கள். அதிலிருந்து பிறந்த 'நேவரி' என்பது அவன் செய்யும் காரியம். பித்தலாட்டம் என்று தமிழில் சொன்னால் ஏறக்குறையச் சரியாயிருக்கும். இன்றைய இங்கிலீஷ்காரர் வாயில் இச்சொல் அதிகமாக வழங்குவதில்லை. பழைய நாடகங்களிலும் பழைய வழக்குப் புத்தகங்களிலுமே அது பெரும்பாலும் தங்கியிருக்கிறது.

பிளாக்ஸ்டன் என்னும் சட்ட நிபுணர் 1768-ல் வெளியிட்ட தமது வியாக்கியானத்தின் மூன்றாம் பாகத்தில், ஒருவனுடைய தொழிலைக் கெடுக்கக்கூடிய அவதூறுகளுக்கு உதாரணங்கள் காட்டுகிறார். வியாபாரியைத் திவாலானவன் என்பது ஒன்று. வைத்தியனைப் போலி வைத்தியன் என்பது ஒன்று. வக்கீலை 'நேவ்' என்பது மற்றொன்று. இவற்றுக்கெல்லாம் நஷ்டம் இவ்வளவென்று நிரூபிக்காமலே பிராது கொடுக்கலாம். தொழிலைத் தொடாத வெறும் வசவாக அதே சொல்லை மற்றவர் மேல் வீசினால் அப்படிப்பட்ட பரிகாரமில்லை. வக்கீல்களிடம் சட்டம் வைத்த மதிப்பினால் இந்தப் பாதுகாப்பு ஏற்பட்டதா, அல்லது சொன்ன மாத்திரத்தில் ஊரார் நம்பிவிடுவார்கள் என்ற பயத்தினால் ஏற்பட்டதா என்று, அத்தொழிலைச் சேர்ந்தவன் என்ற முறையில், நமக்குச் சந்தேகம் தோன்றுவதுண்டு.

நிற்க. இச்சொல்லின் பிறப்பை ஆராய்ந்தால் அதில் அயோக்கியத்தனத்தின் வாசனையே கிடையாது. பழைய இங்கிலீஷில் இதன் உருவம் 'க்னாபா' என்பது. அதன் பொருள் பையன் என்பதுதான். ஜெர்மன் பாஷையில் இன்றைக்கும் 'க்னாபே' என்றால் சிறுவன். வேறு குற்றம் ஒன்றுமில்லை. 14-ம் நூற்றாண்டின் இறுதியில் விக்லிப்பின் கூட்டத்தார் விவிலியத்தை இங்கிலீஷில் பெயர்த்தபோது, சகல ஜாதிகளையும் ஆளப் பிறந்த தெய்வீகக் குழந்தையைக் குறிக்குமிடத்தில்கூட, ஆண்பிள்ளை என்னும் அர்த்தத்தில் 'நேவ் குழந்தை' என்றே எழுதினார்கள். அதைப் படித்த பக்தர் யாரும் முகஞ் சுளித்ததாகத் தெரியவில்லை.

அப்படியிருந்த சொல் படிப்படியாக எப்படிக் கீழிறங்கிற்று என்பதைக் கவனிக்க வேண்டும். பிரபுவின் வீட்டில் குதிரைக்குப் புல் போடுகிறவன் பையன். அடுப்பு மூட்டுகிறவன் பையன். அவனுக்கு நாற்பது வயதானாலும் எஜமானனுக்கு அவன் பையன்தான். இவ்விதம் பையன் என்பது வேலைக்காரன் ஆயிற்று. வேலைக்காரன் என்பது தாழ்ந்த பிறப்புடையவன் ஆயிற்று. தாழ்ந்த பிறப்புடையவன் பொய் சொல்லுவான், திருடுவான் என்று எஜமானர்கள் உறுதியாக நம்பியபடியால், முடிவில் அந்தப் பெயரே பொய்யனுக்கும் திருடனுக்கும் பெயராயிற்று. இத்தனையும் நடந்தேற அதிக காலம் பிடிக்கவில்லை. 13-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வசைப்பொருள் தலைகாட்டிவிட்டது. பிறகு நெடுங்காலம் மூன்று பொருள்களும் ஒரே வீட்டில் குடியிருந்தன. ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் ஸீஸர் நாடகத்தில், வாத்தியத்தின்மேல் சாய்ந்து தூங்கிவிட்ட சிறுவனைப் புரூட்டஸ் மிகுந்த வாஞ்சையுடன் இச்சொல்லால் அழைக்கிறான். லியர் நாடகத்திலோ, கிழ அரசன் தன் விதூஷகனை இதே சொல்லால் கொஞ்ச, கெண்ட் என்ற பிரபு ஓர் அரண்மனை ஏவலாளைத் திட்டும்போது இதே சொல்லை மழையாகப் பொழிகிறான். கொஞ்சல் செத்து வசவு மட்டும் பிழைத்தது.

வேலைக்காரர்களில் திருடுகிறவர்கள் இல்லையென்று நாம் வாதாட வரவில்லை. ஆனால் எஜமானர்களிலும் அவர்கள் உண்டன்றோ? எஜமானன் என்ற சொல் ஏன் திருடன் என்ற பொருளுக்கு மாறவில்லை? மாறாததன் காரணம் எளிது. அகராதிக்கு வேண்டிய ஏடுகளை எழுதியவர்களும், எழுதுவித்தவர்களும், வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொன்னவர்களும் ஒரே பக்கத்தைச் சேர்ந்தவர்கள். குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

இது வெறும் ஊகமன்று என்பதற்கு அந்தப் பாஷையிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 'க்னாபா' என்பதற்குக் கூடப்பிறந்தது போன்ற மற்றொரு சொல் அக்காலத்தில் இருந்தது: 'க்னிஹ்ட்'. அதற்கும் பையன், ஏவலாள் என்பவைதாம் பொருள். இரண்டு பையன்களும் ஒரே வாசலில்தான் நின்றார்கள். ஒருவனுக்குக் குதிரையும் கத்தியும் கிடைத்தன. அரசனுக்குப் பின்னால் சண்டைக்குப் போனான். அவன் 'நைட்' ஆனான். இன்றைக்கும் அரசர் முன் மண்டியிட்டு, தோளில் வாள் தொடப்பெற்று, 'ஸர்' பட்டத்துடன் எழுந்திருக்கிறவன் அந்தப் பையனே. மற்றவனுக்குத் துடைப்பம் கிடைத்தது. அவன் 'நேவ்' ஆனான். ஜெர்மனியில் 'க்னெஹ்ட்' என்றால் இன்றும் பண்ணையாள்தான். அங்கே அவனுக்குக் குதிரை கிடைக்கவில்லை போலும். இங்கிலீஷ் கவி லாங்லண்ட், 14-ம் நூற்றாண்டிலேயே, கோவில் எலும்புக் கிடங்கில் கிடக்கும் மண்டையோடுகளில் எது நைட்டினுடையது, எது நேவினுடையது என்று பிரித்தறிய முடியாது என்று ஓர் உழவன் வாயிலாகப் பேசவைத்தார். உயிரோடிருக்கிறவர்களைப் பற்றி அவ்விதம் சொல்லுவதற்கு அந்நாட்டில் இன்னும் அநேக வருஷங்கள் செல்ல வேண்டியிருந்தது.

இந்த விதி 'நேவ்' ஒன்றற்கு மட்டும் நேர்ந்ததன்று. நம் சினிமாக் கொட்டகைகளில் சிறு குழந்தைகள்கூட 'வில்லன் வந்துவிட்டான்' என்று கூச்சலிடுகிறார்கள். அந்த வில்லன் யார் தெரியுமா? நிலத்தோடு கட்டுண்ட உழவன். வில்லா என்ற பண்ணையைச் சேர்ந்தவன் வில்லானுஸ். 1086-ல் இங்கிலாந்தின் நிலங்களையெல்லாம் கணக்கெடுத்த டூம்ஸ்டே ஏட்டில், எல்லா வகுப்பாரிலும் பெருந்தொகையாகப் பதிவானவர்கள் இந்த வில்லானுஸ் கூட்டத்தாரே. பிரபுவின் அநுமதியின்றி ஊரைவிட்டுப் போக இவர்களுக்கு உரிமை கிடையாது. மகளுக்குக் கல்யாணம் செய்வதற்கும் பிரபுவுக்குப் பணங் கட்ட வேண்டும். இவ்வளவையும் அநுபவித்தவன் வில்லன். அநுபவிக்க வைத்தவன் கதாநாயகன்! எதிர்ப்பக்கத்துச் சொற்களைப் பாருங்கள். யோக்கியன் என்ற பொருளுடைய 'ஆனஸ்ட்' என்பது லத்தீனில் கௌரவமும் பதவியும் உடையவனைக் குறித்தது. 'ஜெனரஸ்' என்றால் முதலில் உயர்குலத்தில் பிறந்தவன். வள்ளல் என்ற பொருள் பின்னால் வந்தது. எல்லாவற்றிலும் விசேஷமானது 'பிராங்க்' என்பது. கால் தேசத்தைப் படையெடுத்துப் பிடித்துக்கொண்ட பிராங்குகள் என்ற ஜாதியாரின் பெயர் அது. பிடித்த நாட்டில் முழுச் சுதந்திரம் அவர்களுக்கே இருந்ததால், அந்தப் பெயர் சுதந்திரமுள்ளவன் என்றாகி, பிறகு ஒளிவுமறைவின்றி உண்மை பேசுகிறவன் என்றாயிற்று. சிறைபிடித்து விற்கப்பட்ட ஸ்லாவ் ஜாதியாரின் பெயரோ 'ஸ்லேவ்' என்று அடிமைக்குப் பெயராயிற்று. ஜயித்தவன் பெயர் சத்தியம். தோற்றவன் பெயர் அடிமைத்தனம். ஸி. எஸ். லூயிஸ் என்ற ஆங்கிலப் பேராசிரியர் 1960-ல் வெளியிட்ட சொல்லாராய்ச்சி நூலில், அந்தஸ்தைக் குறித்த சொற்கள் குணத்தைக் குறிக்கும் சொற்களாக மாறும் இந்த வழக்கத்தை விரிவாக எடுத்துக் காட்டியிருக்கிறார்.

இந்தப் பழைய நாடகம் நம் ஊரிலும் மறுபடி ஒருமுறை நடிக்கப்பட்டது. மதராஸ் துரைசானிமார் தலை நரைத்த வேலைக்காரனையும் 'பாய்' என்றுதான் கூப்பிட்டார்கள். யூல், பர்னெல் என்ற இரு துரைமார் தொகுத்து 1886-ல் வெளிவந்த ஹாப்ஸன் ஜாப்ஸன் அகராதியில் இச்சொல்லுக்கு இரண்டு பொருள் கொடுத்திருக்கிறார்கள். ஒன்று வேலைக்காரன். மற்றது பல்லக்குத் தூக்கி. தெலுங்கில் 'போயி' என்று வழங்கும் சிவிகையாளர் வகுப்பின் பெயரே வெள்ளைக்காரர் காதில் 'பாய்' என்று விழுந்தது என்கிறார்கள். தோளில் தூக்கிச் சுமந்தவனும் அவர்களுக்குப் பையன் ஆனான்! அந்தப் பையன் இன்னும் இருநூறு வருஷம் அப்படியே அழைக்கப்பட்டிருந்தால் அதுவும் ஒரு வசைச்சொல்லாக முதிர்ந்திருக்கும் என்பதில் ஆச்சரியமில்லை.

ஆனால் அதே மதராஸில், கும்பினியின் 'ஸர்வெண்டு' என்று, அதாவது ஊழியன் என்று, கையெழுத்திட்டுச் சம்பளம் வாங்கிய ஒரு கூட்டத்தார் இருந்தார்களே, அவர்களை யாரும் 'நேவ்' என்று அழைக்கவில்லை. 1744-ல் குமாஸ்தாவாகச் சென்னையில் வந்திறங்கிய ராபர்ட் கிளைவ் பிறகு வங்காளத்தில் அடைந்த பணத்தைப் பற்றி, 1773 மே மாதத்தில் இங்கிலீஷ் காமன்ஸ் சபை விவாதித்தது. 2,34,000 பவுன் அவர் கைக்குச் சேர்ந்தது உண்மையென்று சபை தீர்மானித்தது. அதே மூச்சில், அவர் தேசத்துக்குப் பெரிய, மெச்சத்தக்க சேவை செய்தார் என்றும் தீர்மானித்தது. அந்தப் பணத்தின் பெயர் லஞ்சம் அல்ல, கொள்ளை அல்ல, 'வெகுமதி' என்பதாம். இதற்கு ஒன்பது வருஷங்களுக்கு முன்பே, 1764-ல், கிளைவுக்குப் பாத் விருதின் பேரில் 'நைட்' பட்டம் ஆகியிருந்தது. ஆக, வாசலில் நின்ற இரண்டு பையன்களில் இவர் எவர் என்பது அப்போதே முடிவாகிவிட்டது. கும்பினி ஊழியம் பார்த்துப் பணக்காரராகத் திரும்பியவர்களை அந்நாட்டார் பரிகாசம் செய்யாமல் இல்லை. ஆனால் அதற்கும் சொந்தச் சரக்கு அகப்படவில்லை. நமது நவாப் என்ற சொல்லைச் சிதைத்து 'நேபாப்' என்று கூப்பிட்டார்கள். திருடினவன் அவர்கள் ஆள். திருட்டுக்குப் பெயர் மட்டும் நம்மிடமிருந்து!

நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், இச்சொல்லை மேல்நோக்கித் திருப்பிய இங்கிலாந்து தீவினரும் உண்டு. ஹியூம் என்ற ஸ்காட்லாந்து தத்துவ ஞானி 1741-ல் எழுதிய ஒரு கட்டுரையில், ஒரு ராஜ்யத்துக்கு அமைப்பு வகுக்கும்போது, அதிகாரத்தில் அமரப்போகிற ஒவ்வொருவனையும் 'நேவ்' என்றே வைத்துக்கொண்டு கட்டுக்காவல்கள் செய்ய வேண்டும் என்ற ராஜ தந்திரிகளின் கொள்கையை எடுத்துப் பேசுகிறார். எல்லாரும் உண்மையில் அப்படிப்பட்டவர்கள் அல்லர். எனினும் சட்டம் அப்படித்தான் பார்க்க வேண்டும் என்பது அதன் கருத்து. சமையற்கட்டிலிருந்த சொல்லைச் சிங்காசனத்துக்கு நேரே நிறுத்திய காரியம் இது. கணக்குத் தணிக்கை, சட்டசபைக் கேள்வி, பத்திரிகைச் சுதந்திரம் எல்லாவற்றுக்கும் அடியில் இந்தச் சந்தேகமே இருக்கிறது. மந்திரியைக் குறிக்கும் 'மினிஸ்டர்' என்ற சொல்லுக்கும் லத்தீனில் வேலைக்காரன் என்பதே பொருள் என்பதை, சந்தர்ப்பம் வாய்க்கும்போது, மந்திரிமாருக்கு யாராவது நினைவூட்டலாம்.

இனிச் சீட்டுக் கட்டுக்கு வருவோம். சீட்டாட்டத்தை நாம் ஆதரிப்பவரல்லர். ஆயினும் இச்சொல் கடைசியாக ஒதுங்கிய இடம் அதுதான். ராஜா, ராணிக்குக் கீழே நிற்கும் படத்துக்கு 'நேவ்' என்று பெயர். நம்மவர் அதை ஜாக்கி என்பர். 1861-ல் வெளிவந்த டிக்கென்ஸின் நாவலொன்றில், கருமான் வீட்டில் வளர்ந்த ஏழைப் பையன் ஒருவன் அதை 'ஜாக்' என்று சொல்லிவிட்டதற்காகப் பெரிய வீட்டுப் பெண் ஏளனம் செய்கிறாள்: 'நேவ்' என்று சொல்லுவது பெரிய மனிதர் பழக்கமாம்! தென்னாட்டிலும் இலங்கையிலும் ஆடப்படும் முந்நூற்று நான்கு என்ற ஆட்டத்தில் இந்த ஜாக்கிக்கு 30 புள்ளி, ராஜாவுக்கு 3 புள்ளி என்று கேள்விப்படுகிற நேயர் சிலர் புன்னகை செய்யக்கூடும்.

அந்தச் சீட்டுக்கட்டு 'நேவ்' மீதே ஒரு வழக்கும் நடந்திருக்கிறது. லூயிஸ் கரோல் 1865-ல் குழந்தைகளுக்காக எழுதிய ஆலிஸின் கதையில், ராணி செய்த பலகாரத்தைத் திருடினான் என்று அவனைக் கூண்டிலேற்றுகிறார்கள். முதலில் தண்டனை, பிறகு தீர்ப்பு என்று ராணி கூச்சலிடுகிறாள். குழந்தைகள் சிரிப்பதற்காக எழுதியது. ஆனால் ஆறே வருஷம் கழித்து, 1871-ல், கல்கத்தாவில் வீற்றிருந்த கனவான்கள் அதைச் சிரிப்பின்றிச் சட்டமாக எழுதினார்கள். அதுதான் குற்றப் பரம்பரைச் சட்டம். ஒரு ஜாதியையோ கூட்டத்தையோ குற்றவாளி வகுப்பு என்று ராஜாங்கம் கெஜட்டில் பிரசுரித்துவிட்டால், அந்தப் பிரசுரமே முடிவான சாட்சியம். எந்தக் கோர்ட்டும் அதன் செல்லுபடியைக் கேள்வி கேட்கக்கூடாது என்று அதிலேயே விதித்திருந்தார்கள். தொட்டிலில் கிடக்கும் பிள்ளை எந்த வகுப்பில் பிறந்தது என்பது தெரிந்தால் போதும். அது என்ன செய்தது என்பது வேண்டியதில்லை. 'பையன்' 'அயோக்கியன்' ஆவதற்கு இங்கிலீஷ் பாஷையில் சில நூற்றாண்டுகள் பிடித்தன. இந்தச் சட்டத்தில் ஒரு கெஜட்டுத் தாள் போதுமானதாயிருந்தது.

முதலில் வடநாட்டில் அமுலான இச்சட்டம், 1911-ம் வருஷத் திருத்தத்துக்குப் பின் நமது மாகாணத்துக்கும் வந்தது. மதுரை ஜில்லாவில் பிரமலைக் கள்ளர் வகுப்பாரை ஊர் ஊராகப் பதிவு செய்தார்கள். அவ்வகுப்பின் பெயருக்குத் துரைமார் அகராதியைப் புரட்டிப் பொருள் பார்த்து எழுதிவைத்ததும் நடந்ததே. உழுகிறவனும், காளை வளர்க்கிறவனும், சம்சாரியும் தன் விரல் ரேகையைப் போலீஸாரிடம் கொடுத்துவிட்டு, இரவில் ஆஜர் சொல்ல வேண்டும். வெளியூர் போகச் சீட்டு வாங்க வேண்டும். 1920 ஏப்ரல் 3-ந் தேதி, உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூர் ஜனங்கள், நாங்கள் குற்றவாளிகள் அல்லர், ரேகை பதியமாட்டோம் என்று மறுத்தார்கள். போலீஸார் சுட்டார்கள். மாயக்காள் என்ற பெண்ணொருத்தி உள்பட உயிர்கள் பல பலியாயின. ஜாலியன்வாலாபாக் நடந்து அப்போது ஒரு வருஷம் பூர்த்தியாகவில்லை. அதை அறிந்த அளவு இதைத் தேசம் அறியவில்லை. சென்னை மாகாணத்தில் 1947-லும், தேசமெங்கும் 1952 ஆகஸ்டு 31-லும் இச்சட்டம் ஒழிந்தது. ஒழிந்த பிறகு அவ்வகுப்பார்களுக்குச் சீர்மரபினர் என்ற பெயரை நமது ராஜாங்கம் வழங்கிற்று.

இவ்வளவையும் வெள்ளைக்காரன் தலையிலேயே சுமத்திவிட்டு நாம் கையைக் கழுவிக்கொள்ள முடியாது. நமது பாஷையில் சில சொற்கள் நேர்மையானவை என்பது உண்மை. யோக்கியன் என்றால் தகுதியுள்ளவன், அயோக்கியன் என்றால் தகுதியற்றவன். பிறப்பைப் பற்றிய பேச்சே அதில் இல்லை. நாணயம் என்றால் காசு. காசைத் தட்டிப் பார்ப்பதுபோல் மனிதனையும் தட்டிப் பார்க்கச் சொல்லுகிறது அச்சொல். ஆனால் இங்கிலீஷ் அகராதியில் தமிழ் கொண்டுபோய்ச் சேர்த்த சொற்களில் எதை உலகம் நன்றாக அறியும்? 'பரையா' என்பதையே. பறை முழக்கிய ஒரு வகுப்பாரின் பெயர், சமூகத்தினின்றும் தள்ளுண்டவன் என்ற பொருளில் இன்று லண்டனிலும் நியூயார்க்கிலும் தலையங்கங்களில் அடிபடுகிறது. அந்தப் பொருளை இங்கிலீஷ்காரன் கற்பனை செய்யவில்லை. நாம் அவர்களை எங்கே நிறுத்தினோம் என்பதை வந்த கப்பல்காரன் கண்ணால் பார்த்து எழுதிக்கொண்டான். விழாக்களிலும் வீரச் செயல்களிலும் முழங்கிய வாத்தியத்தை இழிவின் அடையாளமாக்கியவர்கள் நாம். நம்முடைய வீட்டுச் சண்டைகளில் வாய் தவறி வரும் வசவுகளில் எத்தனை ஜாதிப் பெயர்கள் என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். இங்கே அச்சிட நாம் துணியவில்லை.

சட்டம் ஒழிந்து எழுபது வருஷத்துக்கு மேலாகியும் அதன் சாயல் சிறைச்சாலை விதிகளில் ஒளிந்திருந்தது. பல மாகாணங்களின் சிறைக் கையேடுகளில், இன்ன ஜாதிக் கைதி சமைக்க வேண்டும், இன்ன ஜாதிக் கைதி பெருக்க வேண்டும் என்றும், முன்னாளில் குற்றப் பரம்பரை என்று பெயர் சூட்டப்பட்ட வகுப்பினரை வழக்கமான குற்றவாளிகளாகப் பாவிக்கலாம் என்றும் விதிகள் இருந்ததை ஒரு பத்திரிகையாளர் வெளிப்படுத்தி வழக்குத் தொடர்ந்தார். 2024 அக்டோபர் 3-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அவ்விதிகளை அரசியல் சட்டத்துக்கு விரோதமானவை என்று தள்ளிற்று. பாளையங்கோட்டைச் சிறையில் ஜாதிவாரியாகக் கைதிகளைப் பிரித்து வைத்த விஷயமும் அத்தீர்ப்பில் பேசப்படுகிறது. கைதிகள் பதிவேட்டில் ஜாதி என்றுள்ள பத்தியை அழித்துவிட வேண்டும் என்றும், மூன்று மாதத்துக்குள் கையேடுகளைத் திருத்த வேண்டும் என்றும் ராஜாங்கங்களுக்கு உத்தரவாயிற்று. நமது மாகாணத்தில் எந்தெந்தச் சிறையில் அந்தப் பத்தி அழிந்தது, எந்தச் சிறையில் இன்னும் மை காயாமல் எழுதப்படுகிறது என்று சட்டசபையில் கேள்வி கேட்டுப் பதில் வாங்கி வெளியிடும் அங்கத்தினர் யாராயிருந்தாலும், எந்தக் கட்சியைச் சேர்ந்தவராயிருந்தாலும், அந்தப் பதிலை இந்தப் பக்கத்தில் முழுமையாகப் பிரசுரிப்போம்.